கீழ்முனை

பிப்ரவரி 12

அண்ணனுக்கு,

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் பேசியிருக்க முடியாது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. நர்ஸ் வந்து, "பேசாதீங்க, என்ன வேணும்னு எழுதிக் காட்டுங்க" என்று ஓர் அட்டையும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனாள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் உனக்கே எழுதலாமே என்று தோன்றியது. போனை எடுக்காமல் இருப்பாய், கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள் நீ.

உனக்கு விஷயம் எவ்வளவு எட்டியதோ தெரியவில்லை. ஐந்தாம் மாடிக்கு அந்த மூன்று கதவு பீரோவை ஏற்றிவிட்டு, தோளில் மாட்டிச் சாமான் தூக்கும் பட்டையைத் தரையில் வீசி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நீ போனாயே, அதற்கு ஆறாம் நாள். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. அப்புறம் தரை தெரிந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்துவிட்டு, "இங்க தாங்காது" என்று ஆம்புலன்சில் ஏற்றி எட்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்த இதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரியும் கூடவே இருக்கிறாள். தெருவுக்கு எதிரே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

எனக்கு வந்தது சாதாரண ஃப்ளூ காய்ச்சல்தானாம். ஊரில் பாதிப் பேருக்கு வந்து போனது. எனக்கு மட்டும் அது போகிற போக்கில் இதயத்தின் தசையில் இறங்கி, அங்கே அழற்சியை உண்டாக்கிவிட்டதாம். அதற்கு மயோகார்டைட்டிஸ் என்று ஒரு பெயர். நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், வாயில் நுழைய மறுக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைச் சேர்ந்து தூக்குகிறோம். இதுவரை இரண்டு நாளுக்கு மேல் பேசாமல் இருந்தது கிடையாது. இன்னும் கோபமா?

தம்பி

—

பிப்ரவரி 17

தம்பிக்கு,

கோபம்தான். இல்லை என்று பொய் சொல்லத் தெரியாது.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? கொட்டாவி. நம் வேனை ஓட்டுகிறவன், விடிந்ததிலிருந்து வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறவன், அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. உன் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை நான் எடுக்கவில்லை என்று அவளிடம் சொல்லி வைத்திருப்பாய். வீட்டுக்கு ஆள் விட்டிருக்கலாமே?

சரி, அன்றைய விஷயத்துக்கு வருகிறேன். படியில் சாமான் ஏற்றினால் கீழ்முனை யாருடையது? மேலே இருப்பவன் பின்பக்கமாக ஏறி, படியைச் சொல்லிக்கொண்டு, வழி காட்டினால் போதும். கனம் முழுக்கக் கீழே இருப்பவன் நெஞ்சில் இறங்கும். இருபத்திரண்டு வருஷம் அது என் இடம். எவ்வளவு வளைவான படி, எவ்வளவு கனமான பீரோ, ஒரு நாள் நான் தள்ளி நின்றேனா? நீ என்ன செய்தாய்? வீட்டுக்காரம்மா பார்க்க, கொட்டாவி பார்க்க, என் தோளிலிருந்து பட்டையைக் கழற்றி, "கீழ்முனைய நான் எடுத்துக்கறேன், நீ மேல போ" என்றாய். அந்த அம்மா சிரித்தாள். எனக்கு ஐம்பது ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் என்னைக் கிழவனாக்கி ஓரங்கட்டிவிட்டாய்.

ஜுரத்துக்குப் போய் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியா? இந்தக் காலத்து டாக்டர்கள் தும்மினாலே படம் எடுக்கிறார்கள். நன்றாகச் சாப்பிடு, தூங்கு. இருபத்தைந்தாம் தேதி ஒரு வீடு ஒத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் மாடிதான், கனமான சாமான் ஒன்றும் கிடையாது. அதற்குள் எழுந்துவிடுவாய் அல்லவா? அண்ணி உனக்குப் போர்வை ஒன்று கொடுத்து அனுப்பச் சொன்னாள். தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

—

பிப்ரவரி 22

அண்ணனுக்கு,

போர்வை வந்தது. அண்ணி ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். அடுத்த மாதத்துக்கும் பார்த்துக்கொள். இந்த நோயில் பிழைத்து எழுந்தவர்கள்கூட ஆறு மாதத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் தூக்கக் கூடாதாம். நான் இன்னும் எழுவதாகவே இல்லை.

டாக்டர் ஒரு பெண். நம் வயதுதான் இருக்கும். ஒரு தாளில் இதயத்தைப் படம் போட்டுக் காட்டினாள். நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளுமாம். என்னுடையது நூற்றில் பதினெட்டுப் பங்குதான் தள்ளுகிறது. தள்ளாதது தேங்கி, நுரையீரலில் நீராக ஏறுகிறது, காலில் இறங்குகிறது. என் பாதத்தை நீ பார்த்தால் வேறு யாருடையதோ என்பாய். படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இது தானாகத் தணிந்துவிடும், உங்களுக்கும் தணியும் என்று காத்திருக்கிறோம் என்றாள். "காத்திருக்கிறோம்" என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

(இங்கே நிறுத்திவிட்டுப் படுத்தேன். இது மறுநாள்.)

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நீ இப்படி நினைத்துக்கொண்டு திரிவதைவிடச் சொல்லிவிடுவதே மேல்.

வேனின் முன்பெட்டியில் ஜுர மாத்திரை அட்டை ஒன்று கிடக்குமே, பிரிக்காமல் வைத்திருந்த பத்து மாத்திரை அட்டை. அந்த வாரம் நான் அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் மூன்று எடுத்தேன். எனக்கு நாலாவது நாள் காய்ச்சல். சொன்னால் நீ வேலையைத் தள்ளிப்போடுவாய், அல்லது தனியாக எவனையாவது வைத்து ஏற்றுவாய். பீரோ ஏற்றிய அன்று காலையில் இன்னொன்று எடுக்கக் கை விட்டால், அட்டையில் இருந்தது இரண்டே இரண்டு. கொட்டாவி மாத்திரையே போட மாட்டான், விழுங்கத் தெரியாது என்பான். மிச்சம் ஐந்தை யார் விழுங்கியது?

நீ பட்டையை மாட்டிக்கொண்டு குனிந்தபோது கொக்கி முறுக்கிக்கொண்டிருந்தது. சரி செய்ய வந்தேன். உன் கழுத்தில் என் கை பட்டது. எனக்கே ஜுரம், ஜுரக் கைக்கே சுட்டது. அதனால்தான் கழற்றினேன். "உனக்கு ஜுரம்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னால் விடுவாயா? வீம்புக்காவது தூக்குவாய். வாயில் வந்ததைச் சொல்லி உன்னை மேலே அனுப்பினேன். கிழவன் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த அம்மா சிரித்ததும் உன்னைப் பார்த்து இல்லை. அவளுடைய பூனை பீரோவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

தம்பி

—

பிப்ரவரி 26

தம்பி,

ஐந்துதான். ஐந்தும் நான் எடுத்ததுதான்.

எனக்கு உனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வேனில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி இருமினேன். திருப்பினால் போதும் என்று நினைத்தேன். உனக்கு இது என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்று வேலையில் ஒரு கண்ணாடியை உடைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் கண்ணாடி.

ஒன்று சொல். மூன்றாவது மாடித் திருப்பத்தில் உன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பீரோ நடுவில் இருந்ததால் முகம் தெரியவில்லை. கீழே இருப்பவன் "வை" என்று சொன்னால் மேலே இருப்பவன் கேள்வி கேட்காமல் இறக்க வேண்டும். அதைத் தவிர நம் தொழிலில் வேறு சட்டமே கிடையாது. நீ ஏன் "வை" என்று சொல்லவில்லை?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நேரில் சொல். நாளை காலை பஸ் ஏறுகிறேன்.

அண்ணன்

—

மார்ச் 3

அண்ணா,

ஆறடி உயரத்தில் ஒரு மனுஷன் மூன்றாம் மாடி வரை வந்து, வார்டு வாசலில் நின்றான் என்று நர்ஸ் சொன்னாள். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தொற்று வந்துவிடக் கூடாது என்று வருகிற எல்லாரிடமும் கேட்பதுபோல அவனிடமும், "காய்ச்சல், இருமல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாளாம். அவன், "இருமல் இருக்கும்மா. ஒரு மாசமா விடல" என்றானாம். "அப்படின்னா உள்ள விட முடியாதுங்க" என்றதும் சண்டை போடாமல், ஒரு பையை நீட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டானாம்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்ல இந்த வாசல்தானா உனக்குக் கிடைத்தது? சொல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்கலாமே. இதை எழுதும்போது சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. மானிட்டர் கத்தி இரண்டு நர்ஸுகள் ஓடி வந்துவிட்டார்கள்.

நீ செய்தது சரிதான். எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு சளி பிடித்தால் தாங்க மாட்டார்.

சாயங்காலம் வரை நீ தெருவில் நின்றதை என் வீட்டுக்காரி அவள் அறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கீழே வந்து, "என்னால மன்னிக்க முடியாது, ஆனா டீ குடிங்க" என்றாளாமே. அவள் மேல் வருத்தப்படாதே. யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது அவளுக்கு. டாக்டரிடம் அவள் நேராகவே கேட்டுவிட்டாள், அந்தப் பீரோவால்தான் வந்ததா என்று. "காய்ச்சலோட அவ்வளவு கனம் தூக்கினது நல்லதில்ல, மோசமாக்கியிருக்கலாம். ஆனா படுத்தே கிடந்தவங்களுக்கும் இப்படி வந்திருக்கு. இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றாள் டாக்டர். யாராலும் சொல்ல முடியாததை நீ மட்டும் எப்படி முடிவு கட்டுவாய்?

இனி என் நிலவரம். போன வியாழக்கிழமை துடிப்பு தாறுமாறாகி நின்றேவிட்டது. மின்சாரம் வைத்து எழுப்பினார்கள். விலாவில் ஒன்று உடைந்திருக்கிறது. வீக்கம் தணியவில்லை. பதினெட்டு இப்போது பன்னிரண்டு. வேறு இதயம் வைக்கலாமா என்று கூடிப் பேசினார்கள். சிறுநீரகமும் படுத்துவிட்டதால் அந்த வரிசையில் என் பெயர் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அதில் எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது.

கொஞ்சம் நிலைப்பட்டால் பதினைந்தாம் தேதிவாக்கில் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்கிறார்கள். அங்கே எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எனக்கு வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் என் வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது, அறுபத்தெட்டுப் படி. எத்தனையோ பேர் சாமானை அதைவிட உயரத்தில் கொண்டுபோய் வைத்தவன், என்னை அங்கே கொண்டுபோய் வைக்க வழியில்லாமல் படுத்திருக்கிறேன். என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்று யோசிப்பாய். வேண்டாம். படிதோறும் சாய்த்துக் குலுக்கினால் இதயம் தாங்காது என்றுவிட்டாள் டாக்டர்.

பையில் இருந்த ஆரஞ்சுப் பழங்களை வீட்டுக்காரி சாப்பிட்டாள். எனக்குத் தண்ணீரே அளந்துதான்.

தம்பி

—

மார்ச் 9

தம்பிக்கு,

இதை நிதானமாகப் படி. இடையில் சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

நீ நாலாவது மாடிக்கு ஏற வேண்டாம். நாலாவது மாடியைக் கீழே இறக்கிவிட்டேன்.

எங்கள் வீடு தரைத்தளம்தானே. நானும் அண்ணியும் உன் வீட்டுக்குப் போய்விட்டோம். உன் வீடு இங்கே வந்துவிட்டது. இரண்டு நாள் வேலை. அண்ணியிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தேன். எதையும் தொடும் முன் ஓர் அட்டையில் உன் வீட்டைப் படம் போட்டுக்கொண்டேன், எது எங்கே, எதற்கும் எதற்கும் நடுவே எத்தனை சாண் என்று. யார் யாரோ வீட்டுக்கெல்லாம் இதைச் செய்திருக்கிறோம், உன் வீட்டுக்கு ஒரு தடவை செய்தேன்.

கட்டில் ஜன்னலை ஒட்டி, உன் பக்கம் சுவரோரம். இந்த ஜன்னல் உன்னுடையதைவிட ஒரு சாண் நீளம், திரை எட்டவில்லை. அண்ணி அடியில் ஒரு துண்டு வைத்துத் தைத்தாள். நிறம் கொஞ்சம் மாறும், பொறுத்துக்கொள். சட்டை மாட்டுகிற ஆணி அதே உயரத்தில், கதவுக்கு இடப்பக்கம். உன் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று வைத்திருந்தாய் அல்லவா, அதையும் கொண்டுவந்து அதே காலுக்கு வைத்திருக்கிறேன். நீ பாதி குடித்துவிட்டு வைத்த இருமல் மருந்து பாட்டிலை மட்டும் எறிந்துவிட்டேன். அதைப் பார்க்க முடியவில்லை.

இறக்கும்போதும் கனம் கீழே இருப்பவனுக்குத்தான். எல்லாவற்றுக்கும் கீழ்முனை நான். மேலே கொட்டாவி. இரண்டு நாளும் அவன் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. எங்கள் சாமான் மேலே ஏறுவதில்தான் பாடு. அண்ணியின் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றபோது எனக்கு மூச்சு முட்டியது. "வை" என்றேன். கொட்டாவி உடனே வைத்துவிட்டான். இருவரும் படியில் உட்கார்ந்தோம். எவ்வளவு சுலபமான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன், அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணியைக் கேட்டேன், உனக்கு மாடி கஷ்டம்தானே என்று. "ஏறிக்கறேன். அவனைக் கூட்டிட்டு வாங்க மொதல்ல" என்றாள்.

இருமல் நின்றுவிட்டது. டாக்டரிடம் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, தொற்று இல்லை என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், உன் நர்ஸிடம் காட்ட. பதினைந்தாம் தேதி வேனில் மெத்தை போட்டுக்கொண்டு நாங்கள் வருகிறோம். ஆம்புலன்ஸ் என்றால் பின்னாலேயே வருகிறோம். இங்கே வாசலில் மூன்றே மூன்று படி. அதற்கு நான் ஒருவனே போதும்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உன் இடத்தில் நான் படுத்திருக்க வேண்டியவன். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வேலை தூக்குவது ஒன்றுதான். தூக்கிவிட்டேன். இன்னும் எதைத் தூக்கவேண்டும் என்று சொல், தூக்குகிறேன்.

அண்ணன்

—

மார்ச் 13

அண்ணா,

கையெழுத்து என் வீட்டுக்காரியுடையது. பேனா பிடிக்க வரவில்லை. நான் ஒரு சொல் சொன்னால் அவள் ஒரு சொல் எழுதுகிறாள், நடுவில் நிறையக் காத்திருக்கிறாள். நான் சொல்வதை மாற்றாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் நடக்க முடிகிறது. கட்டில், ஆணி, மேசை. மேசையில் கையை வைத்தேன், ஆடவில்லை.

பதினைந்தாம் தேதி இல்லை என்று நேற்று சொல்லிவிட்டார்கள். வேறு தேதி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை அவள் தன் தம்பியிடம் இன்றே பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறாள். பதினைந்தாம் தேதிவரை காத்திருக்காமல் கிளம்பி வா. நர்ஸிடம் சொல்லியாகிவிட்டது. உன் காகிதத்தைக் கேட்க மாட்டாள்.

நீ வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால், நேரில் சொல் என்றாயே, அதற்குப் பதில். நான் "வை" என்று சொல்லவில்லை. உனக்குக் கேட்காமல் போகவில்லை, நான்தான் சொல்லவில்லை. திருப்பத்தில் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீ இறங்கி வந்து கீழ்முனையைப் பிடுங்கிக்கொள்வாய் என்று தெரியும். அதனால் இன்னும் இரண்டு மாடிதானே என்று ஏறிவிட்டேன். அது நான் செய்தது. உன் கணக்கில் அதைச் சேர்க்காதே.

சாமான்களைத் திரும்ப மேலே ஏற்றாதே. அவள் அங்கேயே கீழே இருக்கட்டும். அவளுக்கும் இதில் சம்மதம்தானா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

எப்படியும் நான் வீட்டுக்கு வருவேன். எப்படி வருவேன் என்று உனக்கும் தெரியும். அந்த மூன்று படிக்கும் நீ ஒருவனே போதும் என்று எழுதியிருக்கிறாய். போதாது. அப்போது நான் உட்கார்ந்து வர மாட்டேன், நீளமாக இருப்பேன். கொட்டாவியை மேலே விடு, படியை அவன் சொல்லட்டும். கீழ்முனையை நீ எடுத்துக்கொள். இந்தத் தடவை நான் பிடுங்க மாட்டேன்.

தம்பி